ரூபாய் விழுந்த வருடம் வாங்கிய வேலை அனுமதி

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர் கம்பஸுக்கு வெளியே வேலை செய்ய என்ன வழி என்று கேட்டால், எல்லோரும் சொல்வது சிபிடி (பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலை), ஓபிடி (படித்த துறையில் செய்யும் பயிற்சி வேலை) என்ற இரண்டைத்தான். நான் போனது மூன்றாவது வழியால். கடுமையான பொருளாதார நெருக்கடி என்று காரணம் காட்டி வாங்கும் அனுமதி அது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் வவுனியாவில் இருந்து அமெரிக்காவுக்கு சிவில் பொறியியல் முதுமாணிப் படிப்புக்கு வந்தேன். கம்பஸ் நூலகத்தில் வேலை கிடைத்தது. படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் செய்யக்கூடாது. அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி. படிப்புக் கட்டணம் அப்பாவின் புடவைக்கடையில் இருந்து வரவேண்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டுவிட்டது. செமஸ்டருக்கு 9,000 டொலர் என்றால், 18 இலட்சமாக இருந்த கணக்கு 32 இலட்சத்தைத் தாண்டிப் போனது. மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள் அவை. சனம் பெற்றோல் வரிசையில் நின்றது, புடவை எடுக்க யார் வருவார்கள்? அப்பா எப்படியோ காசு புரட்டினாலும் வங்கியில் டொலர் இல்லை என்றார்கள்.

சிபிடியைத்தான் முதலில் பார்த்தேன். அது பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்கவேண்டும். குறிப்பிட்ட ஒரு நிறுவனம் வேலை தந்திருக்கவேண்டும். அந்த நிறுவனத்துக்கும் அந்தத் திகதிகளுக்கும் மட்டும் ஐ-20 படிவத்தில் (எஃப்-1 மாணவருக்குக் கல்லூரி தரும் ஆவணம்) அனுமதி எழுதித் தருவார்கள். குடிவரவுத் துறைக்கு விண்ணப்பமோ கட்டணமோ தேவையில்லை, அது நல்ல விஷயம். ஆனால் எங்கள் துறையில் அதற்கு இன்டெர்ன்ஷிப் பாடமாகப் பதிவு செய்து கிரெடிட்டுக்குக் காசு கட்டவேண்டும். காசு இல்லாமல் வேலை தேடுகிறவன் வேலை செய்வதற்குக் காசு கட்டுவதா!

ஓபிடியைப் படிப்பு முடிவதற்கு முன்பே எடுக்கலாம். ஆனால் ஒரு கல்வி நிலைக்கு மொத்தமே 12 மாதம்தான்; பகுதிநேரமாகச் செய்தாலும் பாதி கழியும். பட்டம் முடித்துத் துறை சார்ந்த வேலை தேடும்போது அந்த ஒவ்வொரு மாதமும் தங்கம். அதில் கை வைக்க மனம் வரவில்லை.

தெரிந்த அண்ணா ஒருவர், முதல் நாளில் இருந்தே சிபிடி தரும் கல்லூரிக்கு மாறச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் முழுநேர சிபிடி 12 மாதம் ஆனால் அந்த நிலைக்கான ஓபிடி போய்விடும். வேலைக்காகவே படிப்பு என்ற மாதிரி இருந்தால் பிற்பாடு விசா, எச்-1பி என்ற தொழில் விசா எதற்குப் போனாலும் அதிகாரிகள் துருவுவார்கள். இன்னொருவர் கடையொன்றில் கையில் காசு தருவார்கள் என்றார். அனுமதியில்லாத வேலை செய்தவர் மாணவர் அந்தஸ்தை இழந்தால், அதை மீட்டுக் கேட்கும் வழியும் அடைபடும். ஒரு செமஸ்டர் கட்டணத்துக்காக முழுப் படிப்பையும் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் என் ஐ-20ஐப் பார்க்கும் அதிகாரி, அங்கே டிஎஸ்ஓ என்பார்கள், நெருக்கடி அனுமதியை அவர்தான் சொன்னார். ஒரு முழுக் கல்வியாண்டு எஃப்-1இல் இருந்திருக்கவேண்டும். மே மாதத்தோடு எனக்கு அது சரியாக முடிந்திருந்தது. புள்ளிகள் ஒழுங்காக இருக்கவேண்டும். கம்பஸ் வேலை கிடைக்கவில்லை அல்லது போதவில்லை என்று காட்டவேண்டும். முக்கியமாக, நெருக்கடி எதிர்பாராததாகவும் மாணவரின் கைக்கு மீறியதாகவும் இருக்கவேண்டும். விதியிலேயே உதாரணங்கள் இருக்கின்றன: உதவித்தொகை நிற்பது, கட்டணம் அளவுக்கு மீறி ஏறுவது, மருத்துவச் செலவு, நாணய மதிப்பு பெரிதாக ஆடுவது. கடைசியைப் படித்தபோது எனக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது.

விண்ணப்பத்தின் உயிர் முழுக்க, நெருக்கடியை விளக்கும் கடிதத்தில்தான். முதலில் நான் எழுதியது ஒரு புலம்பல். டிஎஸ்ஓ வாசித்துவிட்டு, "நீங்கள் கஷ்டப்படுவது தெரிகிறது, எவ்வளவு குறைகிறது என்று தெரியவில்லையே" என்றார். திரும்ப எழுதினேன். ஐ-20 எடுக்கும்போது காட்டிய வங்கி இருப்பு, அன்றைய டொலர் விலை, இன்றைய விலை, அதே ரூபாய்க்கு இப்போது எத்தனை டொலர், நூலகச் சம்பளம், மாதச் செலவு, துண்டு விழுவது எவ்வளவு. மத்திய வங்கியின் நாணயமாற்று விகிதங்களை அச்செடுத்து இணைத்தேன். கடையின் கணக்கும் வங்கிக் கூற்றும் அப்பா அனுப்பினார். தமிழில் இருந்தவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சான்றும் வைத்தேன். ஊர்ச் செய்திகளை மலையாகக் குவிப்பதைவிட இந்த ஒரு பக்கக் கணக்குத்தான் வேலை செய்யும் என்பது என் கருத்து.

அப்புறம் டிஎஸ்ஓ பரிந்துரை எழுதிய புது ஐ-20, வேலை அனுமதிக்கான ஐ-765 விண்ணப்பப் படிவம், கடவுச்சீட்டுப் பிரதி, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), படங்கள், 410 டொலருக்குக் காசோலை எல்லாவற்றையும் குடிவரவுத் துறைக்குத் தபாலில் அனுப்பினேன். (2024 ஏப்ரலில் காகித விண்ணப்பக் கட்டணத்தை 520 ஆக்கிவிட்டார்கள்.) படிவத்தில் பிரிவு எண் கவனம்: நெருக்கடிக்கு (சி)(3)(ஐஐஐ). படிப்பு முடிந்த ஓபிடிக்கு (சி)(3)(பி). பரிந்துரை எழுதி 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும்.

இந்த வழியில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்: நெருக்கடி இன்றைக்கு, வேலை அனுமதி அட்டை எப்போதோ. பற்றுச்சீட்டு வந்தது, கோடை போனது, அடுத்த செமஸ்டரும் தொடங்கிவிட்டது. அட்டை கையில் வரும்வரை கம்பஸுக்கு வெளியே ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யக்கூடாது. கட்டண அலுவலகத்தில் கேட்டுத் தவணை போட்டேன், முதல் தவணைக்கு மாமா கனடாவில் இருந்து கடன் தந்தார். விண்ணப்பிக்கிறவர்கள் அந்த இடைவெளிக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கவேண்டும்.

இலை உதிரும் காலத்தில் அட்டை வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தரமாட்டார்கள்; என்னுடையது படிப்பு முடியும் திகதி வரை. துறை சார்ந்த வேலையாக இருக்கவேண்டியதில்லை, ஒரே முதலாளியாகவும் இருக்கவேண்டியதில்லை என்பதால் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வார இறுதி இரவு வேலை எடுத்தேன். செமஸ்டர் நடக்கும்போது இங்கேயும் 20 மணித்தியாலம்தான். முதல் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி என்று 7.65 சதவீதம் பிடித்திருந்தார்கள். வரி விஷயத்தில் வதிவற்றவராகக் கணக்கிடப்படும் எஃப்-1 மாணவருக்கு, பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி வருடங்களுக்கு, அது கிடையாது. சொன்னதும் திருத்தினார்கள். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நெருக்கடி அனுமதியில் செய்த வேலை ஓபிடியில் கழியாது. 2023 மே மாதம் படிப்பு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஓபிடிக்கு விண்ணப்பித்தபோது 12 மாதமும் அப்படியே இருந்தன. சிவில் பொறியியல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் பிறகு 24 மாத நீட்டிப்பும் கேட்கலாம், முதலாளி ஈ-வெரிஃபை என்ற, வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசு முறையில் பதிந்திருந்தால். மாமாவின் கடனை முதல் ஓபிடி சம்பளத்தில் அடைத்தேன்.