பிளேபுக்க ரெண்டாவது தடவ ஓட்டினப்போதான் தெரிஞ்சது

அன்சிபிள்ங்கற கருவிக்கு ஒரு பிளேபுக், அதாவது சர்வர் எப்பிடி இருக்கணும்னு ஒரு குறிப்பு, எழுதி என் சர்வர புதுசா கட்டின கதை இது. மொதல்லயே சொல்லிடறேன், நான் முழுநேர சர்வர் ஆளு கிடையாது. பகல்ல வேற வேலை, ராத்திரில தெரிஞ்சவங்க சைட்டு ஏழெட்டு பாத்துக்கறேன். ஒரு ஸ்கூல், ரெண்டு பதிப்பகம், ஒரு ஜவுளிக்கடை, அப்புறம் திருநெல்வேலில இருந்து வர்ற ஒரு சிறுபத்திரிகை, இப்பிடி. எல்லாமே வேர்ட்பிரஸ் (சைட்டு நடத்தற மென்பொருள்), எல்லாமே ஒரே சர்வர்ல, 1 ஜிபி ராம், உபுண்டு 18.04ங்கற லினக்ஸ். அந்த வெர்ஷனுக்கு சாதாரண சப்போர்ட் 2023 மே மாசத்தோட முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சும் அடுத்த மாசம் பாத்துக்கலாம், பொங்கல் முடியட்டும்னு தள்ளித் தள்ளியே ஒரு வருஷம் போயிருச்சு. 2024ல வேர்ட்பிரஸ் 6.6 வந்தப்போ அது ஓடற மொழியான பிஎச்பி குறைஞ்சது 7.2.24 இருக்கணும்னுட்டாங்க. என் சர்வர்ல எட்டிப் பாத்தா கரெக்டா அதே 7.2.24. வாசப்படில நிக்கறோம், அடுத்த தடவ வெளியதான்னு அப்பதான் உறைச்சுது.

சரி புது சர்வர் எடுத்து மாத்திடுவோம்னு உக்காந்தா, பழசுல நான் என்னென்ன பண்ணி வச்சேன்னு எனக்கே தெரியல. 2019ல ரெண்டு ராத்திரி உக்காந்து கமாண்டா ஒட்டி ஒட்டி கட்டின சர்வர் அது. நோட்ஸ்னு ஒரு பைல் இருந்துச்சு, தெறந்தா அதுல ஒரு வரி: "அந்த பைல்ல 64 போடணும், மறக்காத". எந்த பைல்? மறக்காதன்னு எழுதி வச்சவன் அத எழுத மறந்துட்டான்.

அதனால இந்த தடவ கையால கட்டக்கூடாது, எழுதி வச்சு ஒரே கமாண்டுல கட்டணும்னு முடிவு பண்ணேன். மொதல்ல தெரிஞ்சதத்தான செய்வோம், கமாண்டெல்லாம் வரிசையா ஓட்டற ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். புது சர்வர்ல ஓட்டினா பாதில நின்னுச்சு. புதுசா எழுந்த உபுண்டு தானா அப்டேட் பண்ணிட்டு இருக்கும், அந்த நேரம் பேக்கேஜ் லாக் (ஒரு நேரத்துல ஒருத்தர்தான் மென்பொருள் போடலாம்ங்கற பூட்டு) அதுகிட்ட இருக்கும், நாம இன்ஸ்டால் பண்ணப் போனா லாக் கிடைக்கலன்னு வரும். சரி ரெண்டு நிமிஷம் பொறுத்து மறுபடி ஓட்டினேன், இப்ப டேட்டாபேஸ் யூசர் ஏற்கனவே இருக்காருன்னு நின்னுச்சு. அந்த வரிய கமெண்ட் பண்ணிட்டு மறுபடி ஓட்டினேன். கடைசில பிஎச்பி செட்டிங் பைல தெறந்து பாத்தா அப்லோட் லிமிட் வரி மூணு தடவ வரிசையா நிக்குது, ஓட்டின ஒவ்வொரு தடவையும் பைல் கடைசில ஒட்டிட்டு போயிருக்கு. அன்னிக்குதான் ஸ்கிரிப்ட்ட மூடி வச்சிட்டு அன்சிபிள் பக்கம் வந்தேன்.

தெரியாதவங்களுக்கு: அன்சிபிள் 2012ல வந்தது, 2015ல ரெட் ஹேட் வாங்கினாங்க. சர்வர்ல தனியா எதுவும் போட்டு வைக்க வேணாம், எஸ்எஸ்எச்சும் (தூரத்துல இருந்து சர்வர்ல நுழையற வழி) பைத்தான் மொழியும் இருந்தா போதும், நம்ம லேப்டாப்ல இருந்தே எல்லாம் நடக்கும். யாமல்னு ஒரு பார்மட்ல எழுதணும், அதத்தான் பிளேபுக்னு சொல்றாங்க. ஸ்கிரிப்ட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, ஸ்கிரிப்ட்ல "மோட்டரப் போடு"ன்னு சொல்றோம், இதுல "டேங்க் நெறஞ்சிருக்கணும்"னு சொல்றோம். ஏற்கனவே நெறஞ்சிருந்தா அது பாட்டுக்கு ஓகேன்னு காட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிரும். கேக்க சுலபமா இருக்கு இல்ல, எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு.

நாலு பங்கா பிரிச்சேன், அடிப்படை, டேட்டாபேஸ், வெப் சர்வர், வேர்ட்பிரஸ். அடிப்படைல பயர்வால், டைம்ஸோன், 2 ஜிபி ஸ்வாப் (ராம் பத்தாதப்போ டிஸ்க்ல எடுத்துக்கற எடம்). ஸ்வாப் இல்லாம 1 ஜிபி சர்வர்ல இத்தன சைட்டு ஓட்டினா மெமரி தீந்து லினக்ஸோட கெர்னல் மொதல்ல டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லதான் போட்டுத் தள்ளும், பழைய சர்வர்ல ராத்திரி ராத்திரி சைட்டு படுத்ததுக்கு காரணம் அதுதான். டேட்டாபேஸ்ல ஒரே தடங்கல், சர்வர்ல பைமைஎஸ்க்யூஎல் பேக்கேஜ் இல்லேன்னா அன்சிபிளால டேட்டாபேஸோட பேச முடியாது, அத மொதல்ல போட்டா முடிஞ்சுது. வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், அதுல சும்மா விட்டா அப்லோட் 1 எம்பிதான், பிஎச்பில 2 எம்பி, ரெண்டையும் ஏத்தணும். ஒண்ண மட்டும் ஏத்திட்டு ஏன் போட்டோ ஏற மாட்டேங்குதுன்னு முழிச்சவங்க லிஸ்ட்ல நானும் உண்டு. (அந்த 64 இதுவாத்தான் இருக்கணும்.)

இப்ப நான் ஒரு ராத்திரி முழுக்க மாட்டிட்டு நின்ன கதை. வேர்ட்பிரஸ் கான்ஃபிக் பைல டெம்ப்ளேட்ல இருந்து உருவாக்கற மாதிரி எழுதினேன், பர்மிஷன் 644னு (ஓனர் படிக்கலாம் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்) போட்டேன். ஓட்டினேன், எர்ரர் எதுவும் இல்ல. சைட்ட தெறந்தா 500 எர்ரர். லாக்ல பாத்தா கான்ஃபிக் பைல படிக்க அனுமதி இல்லேங்குது. அதெப்பிடி, பைலோட ஓனரே அந்த பிஎச்பி யூசர்தானேன்னு லிஸ்ட் எடுத்துப் பாத்தா பர்மிஷன் எடத்துல கோலம் மாதிரி ஏதோ இருக்கு. ஓனருக்கு எழுத மட்டும் உரிமை, படிக்க இல்ல, குரூப்புக்கு ஒண்ணுமே இல்ல, ஊர்ல இருக்கற மத்தவங்களுக்கு படிக்க உரிமை, கடைசில ஒரு பெரிய இங்கிலீஷ் டி (T) எழுத்து வேற. எங்கடா வந்துச்சு இதுன்னு ஒரு மணி நேரம் ஆச்சு கண்டுபிடிக்க. பர்மிஷன் நம்பர மேற்கோள் குறிக்குள்ள போடணும், இல்லேன்னா முன்னாடி ஒரு சைபர் வைக்கணும். ரெண்டும் இல்லேன்னா யாமல் அத சாதாரண அறுநூத்தி நாப்பத்தி நாலுன்னு எடுத்துக்கும், அத எட்டடிமானத்துக்கு மாத்தினா 1204. அந்த 1204தான் என் பைல் மேல உக்காந்திருக்கு. வீட்டுக்காரன் உள்ள வர முடியாது, தெருவுல போறவன் எட்டிப் பாக்கலாம், அதுவும் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கற பைலு. புது சர்வர்ங்கறதால தப்பிச்சேன். சைபர் போட்டேன், சரியாச்சு, மணி மூணு.

சர்டிபிகேட்ல இன்னொரு கூத்து. என்ஜின்எக்ஸ் செட்டிங்ல எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட் பாதைய எழுதியாச்சு, ஆனா சர்டிபிகேட் இன்னும் வாங்கல, அதனால என்ஜின்எக்ஸ் எழும்பாது, என்ஜின்எக்ஸ் எழும்பினாத்தான் சர்டிபிகேட் வாங்க முடியும். மொதல்ல வெறும் எச்டிடிபி செட்டிங், அதுல சர்டிபிகேட் வாங்கறது, அப்புறம் முழு செட்டிங்னு ரெண்டு கட்டமா பிரிச்சேன். இத சரிபாக்க சர்வர அழிச்சு அழிச்சு கட்டினேன் பாருங்க, அங்கதான் தப்பு பண்ணேன். சர்டிபிகேட்ட இலவசமா தர்ற லெட்ஸ் என்கிரிப்ட்ல ஒரே டொமைனுக்கு 7 நாள்ல 5 சர்டிபிகேட்தான். ஆறாவதுக்கு போனா கைய விரிச்சுட்டாங்க. சோதனைக்குன்னே அவங்க தனியா ஸ்டேஜிங் வச்சிருக்காங்க, அது முன்னாடியே தெரியும், சோம்பேறித்தனம். இப்ப பிளேபுக்ல ஒரு வேரியபிள், நான் உண்மைன்னு மாத்தற வரைக்கும் ஸ்டேஜிங்தான்.

அடுத்து பழைய டேட்டா. மத்த சைட்டெல்லாம் சாதுவா வந்துருச்சு, பத்திரிகை சைட்டு மட்டும் இல்ல. அது 2006ல ஆரம்பிச்சது, அப்ப வேர்ட்பிரஸ் 2.0. கான்ஃபிக்ல கேரக்டர் செட் (எழுத்த எந்த முறைல சேமிக்கணும்ங்கறது) சொல்ற வழியே 2007ல வந்த 2.2லதான் வந்துச்சு, அதனால டேபிள் எல்லாம் லத்தீன்1னு (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) நினைச்சுக்கிட்டு உள்ள தமிழ வச்சிருக்கு. சாதாரணமா டம்ப் (டேட்டாபேஸ் முழுசோட நகல்) எடுத்து புது சர்வர்ல போட்டேன், பதினெட்டு வருஷ கட்டுரையும் போச்சு, பக்கம் முழுக்க தலைல கோடு போட்ட இங்கிலீஷ் ஏ எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் குறியும்தான். தமிழ்ல முக்கால்வாசி எழுத்து யூடிஎப்-8ல (எல்லா மொழி எழுத்தையும் பைட்டா எழுதற முறை) அதே ரெண்டு பைட்டோட தொடங்கறதால அந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும், அதப் பாத்தாலே என்ன நோய்னு சொல்லிரலாம். மருந்து என்னன்னா டம்ப் எடுக்கறப்பவே லத்தீன்1ன்னு சொல்லி எடுக்கணும், அப்ப உள்ள இருக்கற பைட்ட தொடாம அப்பிடியே தரும், அப்புறம் அந்த பைல்ல லத்தீன்1னு இருக்கற எடத்தெல்லாம் யூடிஎப்8எம்பி4ன்னு (மைஎஸ்க்யூஎல்ல முழு யூடிஎப்-8க்கு அதுதான் பேரு) மாத்திட்டு உள்ள விடணும். இத பிளேபுக்ல எழுதல, ஒரே ஒரு சைட்டுக்கு ஒரே ஒரு தடவ பண்ற வேலை, கையால பண்ணிட்டு குறிப்புல எழுதி வச்சேன், இந்த தடவ பைல் பேரோட.

போட்டோலயும் ஒரு கோளாறு. அங்க படம் ஏத்தறவரு பைல் பேரெல்லாம் தமிழ்லயே வைப்பாரு. நான் பழைய சர்வர்ல இருந்து என் பழைய மேக்குக்கு எடுத்து அங்கேருந்து புது சர்வருக்கு அனுப்பினேன், "மலை" வந்துச்சு, "கோயில்" வரல. அந்த மேக் ஓகாரத்த இரட்டைச் சுழி ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சு வச்சிடுது, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், லினக்ஸுக்கு அது வேற பேரு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வர்ற படம் எல்லாம் 404, அதாவது காணோம். சர்வர்ல இருந்து சர்வருக்கு நேரா காப்பி பண்ணேன், சரியாப்போச்சு.

எல்லாம் முடிஞ்சு டிஎன்எஸ் (சைட்டு பேருக்கு எந்த சர்வர்னு சொல்ற பதிவு) மாத்தி, சைட்டு புது எடத்துல ஓடுது. அன்னிக்கு சாயங்காலம் கேஷ் செட்டிங்க கொஞ்சம் கொஞ்சமா திருத்தி பிளேபுக்க ஓட்டிட்டு இருக்கேன், பத்திரிகை அண்ணாச்சிகிட்ட இருந்து போன்.

"ஏ தம்பி, என்னய உள்ளயே விட மாட்டேங்கு. தலையங்கம் அடிச்சிக்கிட்டு இருக்கேன், மூணு மட்டம் பாஸ்வேர்டு கேட்டுட்டு பாத்துக்க."

"தப்பா போட்டிருப்பீங்க அண்ணாச்சி, கேப்ஸ் லாக் பாருங்க."

"தப்பா போட்டா மொதல்ல எப்பிடிடே உள்ள போவேன்?"

கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு. நான் எத்தன தடவ ஓட்டினேன்னு எண்ணினேன், மூணு. வேர்ட்பிரஸ் கான்ஃபிக்ல எட்டு ரகசிய சாவி இருக்கும், சால்ட்டுன்னும் சொல்வாங்க, லாகின் குக்கிய (உள்ள வந்தவருன்னு பிரவுசர்ல இருக்கற சீட்டு) அத வச்சுதான் சரிபாக்கும். புதுசா சாவி உருவாக்கித் தர வேர்ட்பிரஸ்ஸே ஒரு முகவரி வச்சிருக்கு, நான் டெம்ப்ளேட்ல அதையே கூப்பிட்டு வச்சிருக்கேன். நல்ல யோசனன்னு நினைச்சேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது சாவி, புது கான்ஃபிக், உள்ள இருந்த அத்தன பேரும் வெளிய. பிளேபுக் ஓடறப்போ காட்டற லிஸ்ட்டுல அந்த டாஸ்க் ஒவ்வொரு தடவையும் சேஞ்ச்டுன்னு மஞ்சளாதான் வந்திருக்கு, பச்சைக்கு நடுவுல கொஞ்சம் மஞ்சள் இருந்தா என்னன்னு விட்டுட்டேன்.

"அண்ணாச்சி, என் தப்புதான், அஞ்சு நிமிஷம் பொறுங்க"ன்னு சொல்லிட்டு வச்சேன்.

அன்சிபிள்லயே பாஸ்வேர்ட் லுக்கப்னு ஒண்ணு இருக்கு, மொத தடவ புதுசா உருவாக்கி நம்ம மெஷின்ல ஒரு பைல்ல வச்சுக்கும், அடுத்த தடவ அதே பைல்ல இருந்து எடுக்கும். சாவி எல்லாத்தையும் அதுக்கு மாத்தினேன். அதோட விடாம மஞ்சளா வர்ற ஒவ்வொரு டாஸ்க்கா துரத்தினேன். பெரும்பாலும் டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸ்ஸ கமாண்டால நடத்தற கருவி) கமாண்டுங்கதான், அன்சிபிளுக்கு அது வெறும் கமாண்ட், ஒவ்வொரு தடவையும் சேஞ்ச்டுன்னுதான் சொல்லும். வேர்ட்பிரஸ் ஏற்கனவே இன்ஸ்டால் ஆயிருக்கான்னு கேக்க அதுலயே ஒரு கமாண்ட் இருக்கு, மொதல்ல அத ஓட்டி, இல்லேன்னா மட்டும் இன்ஸ்டால் பண்ணுன்னு எழுதணும். பிளக்இன்னுக்கும் அப்பிடியே. ரெண்டு ராத்திரி ஆச்சு, மொதல் தடவ சர்வர் கட்ட எழுதினத விட இதுக்குதான் அதிக நேரம் போச்சு. கடைசில ரெண்டாவது ஓட்டத்துல சேஞ்ச்டு 0ன்னு வந்தப்போ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டம்மாகிட்ட காட்டினேன், "ஒண்ணுமே மாறலங்கறதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"னு கேட்டாங்க.

இப்ப காலி சர்வர்ல இருந்து ஸ்கூல் சைட்டு எழும்ப பேக்கப் இறக்கறதோட சேத்து கால் மணி நேரம்தான் ஆகுது. இன்னும் கையால பண்றது டிஎன்எஸ், அப்புறம் காசு குடுத்து வாங்கின ஒரு பிளக்இன்னோட லைசன்ஸ். புது சர்வர் உபுண்டு 22.04ல கட்டினதால பிஎச்பி 8.1ன்னு பாதைல நேரடியா பதினோரு எடத்துல எழுதி வச்சிருக்கேன், 24.04 போனா அது 8.3. வேரியபிளா மாத்தணும், ஆறு எடம் மாத்தியாச்சு, மிச்சம் அஞ்சு இருக்கு. பொங்கல் முடியட்டும்.