பச்சை இல்லாத மரங்கள்

பிப்ரவரி 3
இடது கையால் எழுதுகிறேன். வரிகள் சரிந்துகொண்டே போகின்றன. போகட்டும்.

பிப்ரவரி 4
இரவெல்லாம் எலன் ஸ்மித் நினைவு. ஜெனீவாவில் பட்டுத்துணிக் கடையில் வேலை பார்த்தவர். இயற்பெயர் கத்தரீன் எலீஸ் மியூலர். 1890களில் ஆவியழைப்புக் கூட்டங்களில் மயக்கத்தில் ஆழ்ந்து செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்வந்தார். அங்கே கண்டதையெல்லாம் எழுதினார், வரைந்தார். ஓர் ஓவியத்தில் இளஞ்சிவப்புப் பாலம், வெளிர்நீல ஏரி. மரங்கள் செங்கல் நிறத்திலும் ஊதாவிலும் நிற்கின்றன. எங்கும் பச்சை இல்லை. அதைத் தாண்டி மனம் நகர மறுக்கிறது.

பிப்ரவரி 5
பயிற்சி. விரல் அசையவில்லை.

பிப்ரவரி 7
ஜெனீவாவின் உளவியல் பேராசிரியர் ஃப்ளூர்ன்வா மீது கோபம் வருகிறது. 1894 இறுதியிலிருந்து அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் குறித்து நூலாக்கியவர். மயக்கத்தில் எலன் பேசிய செவ்வாய் மொழி, மாறுவேடம் போட்ட பிரெஞ்சு என்று நிறுவினார். சொற்கள் மட்டுமே புதியவை. அதை நான் மறுக்கவில்லை. மொழிக்கு இலக்கணம் தாய்மொழி தந்தது. அந்த இலைகளுக்கு யார் தந்தது?

செவ்வாயின் செந்நிறத்துக்குத் தாவரங்கள் காரணமாகலாம் என்று பிரெஞ்சு வானியலாளர் கமில் ஃப்ளமாரியோன் எழுதியிருந்தார். அது எலன் காதில் விழுந்திருக்கலாம். எத்தனையோ பேர் காதிலும் விழுந்ததுதான். வேர் பிடித்தது எலனின் கையில்.

பிப்ரவரி 8
தூக்கம் வரவில்லை. லெயோபோல்ட் என்ற ஆவி வந்து எழுதும்போது எலன் பேனா பிடிக்கும் விதமே மாறியதாம், கையெழுத்தும். என் வலது கையை அப்படி யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். இப்போதே.

பிப்ரவரி 10
இன்று என் செடி வந்தது.

நம் இலைகள் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் பெரிதும் உண்டு, பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. செங்கல் நிற இலை என்றால் நீலமும் பச்சையும் அதற்கு உணவு. செவ்வாயில் விழும் வெயில் நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. எதையும் வீணாக்க முடியாது. ஆகவே தண்டு தரையோடு படர்கிறது. ஒரு கணுவுக்கு ஓர் இலைதான், ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழாது. இரவுக் குளிரில் இலை உள்பக்கமாகச் சுருண்டு கணுவை மூடிக்கொள்ளும். அங்கே ஓர் ஆண்டு நம் கணக்கில் 687 நாள். பூ ஆண்டுக்கு ஒன்று. அவ்வளவு காலம் அது காத்திருக்கும், வாடாது.

யோசித்து வரைந்தது பாதி. மீதியை இடது கை தானாகவே போட்டது, சத்தியமாக. அக்கா பார்த்துவிட்டு, “என்னடா இது, பிரண்டையா?” என்று கேட்டாள். கணுக்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 12
ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 13
பேராசிரியர் செவ்வாய் மொழியின் குட்டை உடைத்த பிறகும் எலன் நிறுத்திவிடவில்லை. செவ்வாய்க்கும் அப்பாலிருந்து ஓர் உலகம் வந்தது, வேறு மொழியோடு. பிறகு யுரேனஸ். இந்தப் பெண்ணை வணங்குகிறேன்.

என் செடியின் கிழங்கு எப்படி இருக்கும் என்று பிடிபடவில்லை. மண்ணுக்கடியிலும் ஊதாவா?

பிப்ரவரி 14
நாளை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊதா பென்சில் தீர்ந்துவிட்டது. அக்கா கடைக்குப் போவதற்குள் சொல்ல வேண்டும், செங்கல் நிறமும்