எலெக்ட்ரிக் கார் வாங்குகிறீர்களா? அதில் உள்ள மேப்பையும் ஓட்டிப் பாருங்கள்

எலெக்ட்ரிக் கார் வாங்க யோசிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரேஞ்ச், அதாவது ஒரு தடவை முழுசா சார்ஜ் போட்டால் ஓடும் தூரம், எவ்வளவு, வீட்டில் சார்ஜர் போட என்ன ஆகும், பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி. காரோடு வரும் நேவிகேஷன் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. "அதான் போன்ல கூகுள் மேப் இருக்கே" என்று முடித்துவிடுகிறார்கள். பெட்ரோல் காருக்கு அது சரி. எலெக்ட்ரிக் காருக்கு அது போதாது என்பது என் கட்சி.

போனில் ஓடும் மேப்புக்கு வழி தெரியும், உங்கள் பேட்டரியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வழியாகப் பெரிய திரையில் கொண்டுவந்தாலும் பெரும்பாலான கார்களில் இதே கதைதான். மீட்டரில் "இன்னும் 240 கி.மீ." என்று காட்டுகிறதே, அதற்கு பேட்டரி தெரியும், ஆனால் முன்னால் வரப்போவது மலையா சமதளமா என்று தெரியாது, இதுவரை நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். பேட்டரியையும் பாதையையும் சேர்த்துவைத்துப் பார்க்கிற வேலையைக் காருக்குள்ளே இருக்கும் நேவிகேஷன்தான் செய்ய வேண்டும். செய்கிறதா என்பதுதான் கேள்வி.

ஊட்டியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறினால் 50 கி.மீ. அளவில்தான் வரும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் கார் ஏறக்குறைய 1,900 மீட்டர் மேலே போகிறது. ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,800 கிலோ என்று வையுங்கள், அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும், பள்ளிக்கூட இயற்பியல் கணக்குதான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். உருண்டு போகிற செலவு, மோட்டாரில் வீணாவது எல்லாம் தனி. 40 யூனிட் பேட்டரி உள்ள கார் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த மலையிலேயே போய்விடும். இறங்கும்போது இதில் கணிசமான பகுதி ரீஜென் மூலம், அதாவது மோட்டாரே கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவதால், திரும்பி வரும், ஊட்டியில் கிளம்பியபோது இருந்ததைவிட அதிக பர்சன்ட்டோடு அடிவாரம் வந்து சேரலாம். நல்ல நேவிகேஷன் இரண்டையும் முன்கூட்டியே சொல்லும்.

இதைச் சோதிக்க ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர் ஷோரூமில் நின்றபடியே முதலில் ஊட்டியைப் போடுங்கள், போய்ச் சேரும்போது பேட்டரி எத்தனை பர்சன்ட் இருக்கும் என்று காட்டுகிறதா பாருங்கள். அப்புறம் பெருந்துறையைப் போடுங்கள். தூரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பர்சன்ட் வந்தால் அந்த மேப் உயரத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். நான் பார்த்த ஒரு காரில் அப்படித்தான் வந்தது. இன்னொன்றில் பர்சன்ட்டே வரவில்லை, வழி மட்டும் வந்தது. விற்பனைப் பையனிடம் கேட்டேன். "சார், இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார், சன்ரூஃப்தான் கேப்பாங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வாங்க வருகிற நாம் கேட்டால்தானே கம்பெனிக்கு அந்தச் சேதி போகும்.

இது ஒன்றும் நடக்காத காரியமும் இல்லை. டெஸ்லா 2015-லேயே சார்ஜிங் நிறுத்தங்களைச் சேர்த்து வழி போட்டுத் தரும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. போகிற வேகத்தில் சார்ஜ் பத்தாது என்றால் இந்த வேகத்துக்குள் ஓட்டு, போய்ச் சேர்ந்துவிடலாம் என்றும் அந்தக் கார்கள் சொல்லும்.

அடுத்தது சார்ஜர் பட்டியல். மேப்பில் பச்சைப் புள்ளிகள் நிறைய இருந்தால் போதாது. சென்னையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் ஒரு சார்ஜரை "அருகில் 300 மீட்டர்" என்று காட்டும், ஆனால் அது மீடியனுக்கு அந்தப் பக்கம் இருக்கும், அடுத்த பாலம் வரை போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும், 8 பர்சன்ட் மிச்சம் வைத்துக்கொண்டு அதைச் செய்வது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். போகிற பக்கத்தில் உள்ள சார்ஜரை மட்டும் காட்டத் தெரிகிறதா? இதற்குக் கண்டிப்பாக நெடுஞ்சாலை வரை டெஸ்ட் டிரைவ் கேளுங்கள், ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்பதில் எதுவும் தெரியாது.

அதே புள்ளியைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். என்ன கன் (காரில் மாட்டும் பிளக்) இருக்கிறது, எத்தனை கிலோவாட், இப்போது வேலை செய்கிறதா, யாராவது போட்டிருக்கிறார்களா? இப்போதைய கார்களுக்கு சிசிஎஸ்2 என்கிற வகை கன் வேண்டும். பழைய 15 கிலோவாட் பாரத் டிசி சார்ஜரின் கன் அதில் மாட்டாது, அதையும் சேர்த்துக் காட்டுகிற மேப்பால் பயனில்லை. 60 கிலோவாட் என்று போட்டிருப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு கன் உள்ள சார்ஜர்கள் பலவற்றில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து போட்டால் ஆளுக்கு 30 ஆகிவிடும். 50 யூனிட் பேட்டரியை 20-லிருந்து 80 பர்சன்ட்டுக்கு ஏற்ற அரை மணி நேரம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆகும், கையில் குழந்தை இருந்தால் அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம்.

பாஸ்ட் சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கி வைக்கும் வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். நார்வே மாதிரி குளிர் நாட்டில் அது பெரிய விஷயம்தான். நம்ம ஊர் வெயிலுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

காரில் உள்ளது சரியில்லை, ஆனால் கார் பிடித்திருக்கிறது என்றால் ஏபிஆர்பி என்கிற எ பெட்டர் ரூட்பிளானர் ஆப் இருக்கிறது. ஸ்வீடனில் உருவானது, 2023-இல் அமெரிக்க எலெக்ட்ரிக் வண்டிக் கம்பெனியான ரிவியன் வாங்கிவிட்டது. கார் மாடலையும் இப்போதுள்ள பர்சன்ட்டையும் கொடுத்தால் மேடு பள்ளம் எல்லாம் கணக்கில் எடுத்துத் திட்டம் போட்டுத் தருகிறது. பயணத்துக்கு முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து பார்க்க இது நல்லது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது பர்சன்ட்டைக் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இது காரில் உள்ளதற்கு முழு மாற்று ஆகாது.

கடைசியாக சந்தா. இந்த மேப்புகள் காருக்குள் இருக்கும் சிம்மை நம்பித்தான் ஓடுகின்றன, முதல் சில வருஷம் இலவசம் என்பார்கள். அதற்கப்புறம் வருஷத்துக்கு எவ்வளவு, கட்டாவிட்டால் எதெது நிற்கும், வழி மட்டுமாவது காட்டுமா, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடுமா? அமெரிக்காவில் 2022-இல் 3ஜியை மூடியபோது பழைய கார்கள் பலவற்றில் இணைய வசதிகள் நின்றுபோயின, ஆகவே இது வீண் பயம் இல்லை. ஷோரூமில் பதில் தெரியாது என்றால் கம்பெனியிடம் கேட்டு மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், அது வந்தபிறகு முன்பணம் கட்டினால் போதும்.