டி டிரைவ் காலியாக இல்லை

2011 ஆவணி மாதம், கல்யாண சீசன். பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவர், சிபியுவைப் பெரிய துண்டில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கால் வைக்கும் இடத்தில் இறுக்கிக் கட்டி, தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வேலை பார்த்த சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

“தம்பி, ஹார்டு டிஸ்க் போயிடுச்சுன்னு வருது. எட்டு கல்யாணம் அதுல இருக்கு. ஒரு வீட்டுக்குக் கூட இன்னும் ஆல்பம் குடுக்கல.”

கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அவர் அழித்துவிட்டார். அப்போது எல்லா ஸ்டுடியோக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். கார்டு விலை அதிகம், கையில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். சிஸ்டத்தில் ஏற்றியதும் கார்டைக் காலி செய்துவிடுவார்கள். அதனால் அந்தப் படங்கள் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது.

சிஸ்டத்தை ஆன் செய்தேன். டெஸ்க்டாப் முழுக்கக் கறுப்பு. ஒரு ஐகான் கூட இல்லை. நடுவில் ‘சிஸ்டம் ரிப்பேர்’ என்ற பெயரில் ஒரு கட்டம், பார்ப்பதற்கு விண்டோஸின் சொந்தக் கருவி போலவே. அதன் மேல் அடுக்கடுக்காக எச்சரிக்கைகள்: ஹார்டு டிஸ்க் கிளஸ்டர்கள் சேதம், டிரைவ் கட்டளைக்குப் பதில் சொல்லவில்லை, ரேம் வெப்பநிலை 83 டிகிரி. எல்லாவற்றையும் சரிசெய்ய முழுப் பதிப்பை வாங்க வேண்டுமாம். கிரெடிட் கார்டு எண் கேட்டது. பாலக்கோட்டு ஸ்டுடியோக்காரரிடம் அன்று கிரெடிட் கார்டு ஏது? இருந்திருந்தால் அந்த ராத்திரியே பணத்தைக் கட்டியிருப்பார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

கடை முதலாளி கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். “டிஸ்க் போச்சு. ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துடு. டேட்டா வேணும்னா பெங்களூருக்கு அனுப்பணும், எட்டாயிரம் பத்தாயிரம் ஆகும்னு சொல்லிடு” என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஒரு நாளைக்கு இருபது சிஸ்டம் வரும் கடை அது. திரையில் வந்ததைப் படித்து அப்படியே சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எதிரில் நின்ற அண்ணனின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. அந்தக் காலத்து டெஸ்க்டாப் ரேமில் சூட்டை அளக்கும் சென்சார் பெரும்பாலும் கிடையாது. அப்படியென்றால் இந்த 83 எங்கிருந்து வந்தது? அப்புறம், ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே சாகும்போது பல சமயம் காதில் கேட்கும். டிஸ்க்கைப் படிக்கும் தலை டக், டக் என்று அடித்துக்கொள்ளும். சில சமயம் விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, கறுப்புத் திரையில், டிஸ்க்கை மாற்றச் சொல்லி, சிஸ்டத்தை முதலில் எழுப்பும் பயாஸ் எச்சரிக்கும். காதைச் சிபியு பக்கம் வைத்துக் கேட்டேன். சீரான சத்தம். எந்த அடியும் இல்லை.

மை கம்ப்யூட்டர் போய் டி டிரைவைத் திறந்தேன். காலி. அண்ணன் பெருமூச்சு விட்டார். அதை மூடிவிட்டு, அதே டி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டிஸைத் திறந்தேன். விண்டோஸ் எக்ஸ்பியில் அங்கே ஒரு வட்டம் வரும். நிறைந்த இடம் நீலம், காலி இடம் ரோஸ். அந்த வட்டத்தில் ஒரு கீற்று மட்டும்தான் ரோஸ். மற்றதெல்லாம் நீலம்.

“அண்ணா, இங்க பாருங்க. டிரைவ் காலின்னா இது முழுக்க ரோஸா இருக்கணும்.”

அவர் குனிந்து, மானிட்டர் கண்ணாடியில் அந்த நீலத்தை விரலால் தொட்டார். “அப்ப உள்ளதான் இருக்கா?”

“இருக்கு. மறைச்சு வெச்சிருக்கான்.”

ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி மாற்றினேன். எட்டுக் கல்யாணமும் வந்து நின்றன. மறைக்கப்பட்ட ஃபோல்டர்கள் மங்கலாகத்தான் தெரியும், வெயிலில் வெளுத்த துணி போல. ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை பெண் பெயரை அவர்தான் வைத்திருந்தார். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். ஒன்றைத் திறக்கச் சொன்னார். படம் திறந்தது. கடை வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார், பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை.

அந்தப் போலி மென்பொருள் செய்த வேலை இவ்வளவுதான். எந்தக் கோப்பையும் அது அழிக்கவில்லை. ‘ஹிடன்’ என்ற ஒரு பண்பை மட்டும் எல்லாக் கோப்புகளுக்கும் போட்டுவிட்டது. டாஸ்க் மேனேஜரை முடக்கியது. வால்பேப்பரைக் கறுப்பாக்கியது. அதே சரக்கு 2010லிருந்து 2012 வரை வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருந்தது: சிஸ்டம் ரெஸ்டோர், விண்டோஸ் ரெக்கவரி, டேட்டா ரெக்கவரி, ஸ்மார்ட் ஹெச்டிடி. பெயர் மாறும், கட்டத்தின் நிறம் மாறும், மிரட்டல் ஒன்றேதான். அண்ணனுக்கு எப்படி வந்தது என்று விசாரித்தேன். கரிஸ்மா ஆல்பத்துக்கு டெம்ப்ளேட் தேடி ஏதேதோ தளங்களுக்குப் போயிருக்கிறார். சிஸ்டத்தில் பழைய ஜாவா அப்படியே கிடந்தது. இந்த மாதிரி ஓட்டை வழியாக, நாம் எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே, பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அது உள்ளே வந்துவிடும்.

கைவேலையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு, இதே வகைத் தொல்லையோடு ஒரு வக்கீல் ஆபீஸ் சிஸ்டம் என்னிடம் வந்திருந்தது. சர்வீஸ் செய்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. சிஸ்டம் வந்ததும் முதலில், தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஷிஃப்ட் டெலீட். நானும் செய்தேன். வைரஸ் போனது. ஆனால் ஸ்டார்ட் மெனு காலியாகவே நின்றது. ‘ஆல் புரோகிராம்ஸ்’ திறந்தால் ஒன்றுமே இல்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்தச் சரக்கு ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஷார்ட்கட்டுகளை எல்லாம் டெம்புக்குள் ‘எஸ்எம்டிஎம்பி’ என்ற ஃபோல்டரில், 1, 2, 4 என்று எண் போட்ட உள்ஃபோல்டர்களில் கொண்டுபோய் வைக்கிறது. அவற்றை என் கையாலேயே அழித்திருந்தேன். வக்கீல் ஐயா தன் டைப்பிங் மென்பொருளைத் தேடி இரண்டு நாள் திண்டாடினார். ஒவ்வொரு ஷார்ட்கட்டையும் உட்கார்ந்து மறுபடி செய்து கொடுத்தேன். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

அதனால் இந்த முறை டெம்பைத் தொடவே இல்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கடை சிஸ்டத்தில் இரண்டாவதாக மாட்டினேன். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்தால் டிஸ்க் நலமாக இருந்தது. கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டார்களின் எண்ணிக்கை பூஜ்யம். எட்டுக் கல்யாணத்தையும், படங்களை மட்டும், வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். இதற்கு மட்டும் மூன்று மணி நேரம் போனது. முதலாளி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

டிஸ்க்கை மறுபடி அவருடைய சிபியுவில் போட்டு, எஃப்8 தட்டி சேஃப் மோடில் நுழைந்தேன். போலிச் சரக்கு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஒளியும்: எக்ஸ்பியில் ஆல் யூசர்ஸின் அப்ளிகேஷன் டேட்டா, விண்டோஸ் 7இல் புரோகிராம் டேட்டா. வாயில் நுழையாத எழுத்துகள் கோத்த பெயரோடு ஒரு இஎக்ஸ்இ இருக்கும். நல்ல மென்பொருள் எதுவும் தனக்கு அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளாது. அதையும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதைத் தினமும் எழுப்பிவிடும் ‘ரன்’ பதிவையும் எடுத்தேன். மால்வேர்பைட்ஸ் முழு ஸ்கேன். பிறகு காஸ்பர்ஸ்கியின் டிடிஎஸ்எஸ் கில்லர். இந்த வகைச் சரக்கோடு, கண்ணில் படாமல் ஆழத்தில் ஒளியும் ரூட்கிட் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவது அப்போது வழக்கம். அதை விட்டுவிட்டால் நாலாம் நாள் பழைய கதைதான்.

கடைசியாக, கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்து ‘ஹிடன்’ பண்பை நீக்கினேன். ‘ஹிடன்’ மட்டும், ‘சிஸ்டம்’ பண்பை நீக்கவில்லை. இப்படி ‘ஹிடன்’ மட்டும் நீக்கினால், விண்டோஸ் தானாக மறைத்து வைக்கும் சிஸ்டம் கோப்புகளை அந்தக் கட்டளை தொடாமல் விட்டுவிடும். திரையில் கோப்புப் பெயர்கள் ஓடி முடிந்ததும், மங்கலாக நின்ற ஃபோல்டர்கள் பழைய மஞ்சளுக்குத் திரும்பின. எண் போட்ட ஃபோல்டர்களில் இருந்த ஷார்ட்கட்டுகளை அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஸ்டார்ட் மெனு நிறைந்தது.

முதலாளி ஃபார்மேட் கூலியான முந்நூறை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த நாளுக்கு அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

அந்த ராத்திரி வீட்டுக்குப் போகும்போது ஒன்று என்னைக் குடைந்தது. அந்தப் போலிக் கட்டம் சொன்னதும் எங்கள் கடை சொன்னதும் ஒரே வார்த்தைதான்: ‘டிஸ்க் போச்சு, பணம் கட்டு.’ ஒன்றைச் சொன்னது திருட்டுப் புரோகிராம், இன்னொன்றைச் சொன்னது திறந்து பார்க்க நேரமில்லாத கடை. கேட்டு நின்ற மனுஷனுக்கு இரண்டும் ஒன்றுதான். இது எங்கள் ஊர்க் கடையின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரில் இலவசமாகச் சிஸ்டத்தைச் சோதித்துத் தந்தார்கள். சிஸ்டம் மெதுவாக இருக்கிறதா, பாப்அப் வருகிறதா என்பது போல நாலு கேள்வி. எதற்காவது ‘ஆமாம்’ என்று டிக் அடித்தாலே போதும், உள்ளே வைரஸ் இருப்பதற்கான அறிகுறி கிடைத்ததாக முடிவு வந்தது என்பதுதான் அங்குள்ள வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் அந்தக் கடைத்தொடரும் மென்பொருளைக் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து மூன்றரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. செய்தியைப் படித்தபோது எனக்குப் பாலக்கோட்டு அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது.

பிறகு பென்னாகரம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். இங்கே வேலைக்கு வரும் பையன்களுக்கு ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். சிஸ்டத்தைக் கொண்டுவருகிறவர் எதிரில் நிற்கும்போதே டிரைவின் பிராப்பர்ட்டிஸைத் திறக்க வேண்டும். நிறைந்திருக்கிறதா, காலியா என்பதை அவரே பார்க்கட்டும். இருந்தால் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

இப்போது கறுப்பு டெஸ்க்டாப் வருவதில்லை. ஏமாற்று வேலை பிரவுசருக்குள் குடியேறிவிட்டது. போன வருஷம் ஏரியூர் பக்கம் ஆன்லைன் சர்வீஸ் கடை நடத்தும் தங்கச்சி ஒருத்தி பதறிப்போய் போன் செய்தாள். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஆள் காத்திருக்கும் நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சைரன் சத்தம். மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு டோல்ஃப்ரீ நம்பர். கூப்பிட்டிருக்கிறாள். பேசியவன், தூரத்திலிருந்தே சிஸ்டத்தை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போட வைத்து உள்ளே வந்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக நிற்கும் சிவப்புக் குறிகளைக் காட்டி, இத்தனை வைரஸ் இருக்கிறது, ஒன்பதாயிரம் கட்டு என்றிருக்கிறான். அவள் அந்தப் போனை மேஜையில் வைத்துவிட்டு, காத்திருந்த அக்காவின் போனில் என்னைக் கூப்பிட்டாள். நல்ல புத்தி அது.

“அண்ணா, அவன் இன்னும் லைன்ல இருக்கான்.”

“மோடம் ஒயரைப் பிடுங்கு. அப்புறம் போனைக் கட் பண்ணு.”

மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தாலே பொய் என்று முடிவு கட்டிவிடலாம். அவள் பணம் எதுவும் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடிக்கச் சொல்லியிருப்பேன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறு போனிலிருந்து மாற்றச் சொன்னேன். மறுநாள் சிபியுவைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

வேலை கொஞ்சம்தான். எனிடெஸ்க்கை நீக்கினேன். அவன் வேறு எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறானா என்று முழு ஸ்கேன் ஓட விட்டேன். பிரவுசர் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்தால் முன்பின் தெரியாத ஏழு தளங்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்’ என்று எங்கோ கேட்டிருக்கும், அழுத்தியிருப்பாள். ஏழையும் எடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தும் அவள் முகம் தெளியவில்லை. “அண்ணா, அந்தச் சிவப்பெல்லாம் அப்ப என்ன? அது பொய் இல்லையே, என் சிஸ்டத்துலதானே இருந்துச்சு?”

சரியான கேள்வி. என் பில் போடும் சிஸ்டத்தை அவள் பக்கம் திருப்பி, அதிலும் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினேன். அங்கேயும் சிவப்பு. ஏதாவது சர்வீஸ் நேரத்துக்கு எழுந்திருக்காவிட்டால் ஒரு பதிவு விழும். கரன்ட் போய் சிஸ்டம் பட்டென்று அணைந்தால் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். நன்றாக ஓடும் எந்தச் சிஸ்டத்திலும் இது இருக்கும். அவள் மவுஸை வாங்கி, மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனாள்.

“அண்ணா, உங்களுக்கு 41 நிறைய இருக்கு. எனக்கு மூணுதான் இருந்துச்சு.”

“போன வாரம் காத்து மழையில லைன் போய்ப் போய் வந்துச்சுல்ல, அதுதான்” என்றேன்.

தேதியைப் பார்த்தாள். சரியாக அந்த நாள்தான்.