ரொமிக்குப் பாரிசவாதம்

நாய்க்கும் பாரிசவாதம் வருமோ என்று எங்கள் ஒழுங்கையில் கேட்காத ஆள் இல்லை. வரும். மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ மனிதருக்கு என்ன நடக்குமோ அதுதான் நாய்க்கும் நடக்கிறது. எங்கள் பக்கத்து நாய்கள் அது வருகிற கிழட்டு வயதுக்கு வந்து சேர்வதே அருமை. ஏ9 வீதியில் பஸ்ஸில் அடிபட்டோ, பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்தோ, பாம்பு தீண்டியோ முன்னமே போய்விடும், அதனால்தான் பலர் கண்டதில்லை.

எங்கள் நாய் ரொமி 2011 இல் வந்தவன். போர் முடிந்து நாங்கள் மீளக்குடியேறி வன்னியில் மாங்குளத்துக்கு உள்ளே தகரக் கொட்டிலில் இருந்த காலம். அம்மா முதலில் நாயே வேண்டாம் என்று நின்றார். 2008 இல் சண்டைக்கு இடம்பெயர்ந்து உழவு மெசின் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டபோது வளவில் விட்டுவிட்டு வந்த நாயைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறப்பதில்லை, ஆகவே நானும் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எப்படியோ குட்டி நின்றுவிட்டது. குரங்கு கலைப்பான், கச்சான் தோட்டத்துக்குப் பன்றி வந்தால் ஊரையே எழுப்புவான், வயது போன பிறகும் இரவுக் காவலை விட்டதில்லை.

இந்த முறை சோளகக் காற்று தொடங்கின கையோடு ஒரு விடியற்காலை கிணற்றடியில் நின்று இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் தலையைத் தூக்குகிறான், ஆனால் சுற்று நிற்கவில்லை. வலது முன்காலின் பாதம் உள்ளே மடிந்து, நகப்பக்கம் மண்ணில் இழுபட்டுக் கோடு விழுந்திருந்தது. வாயின் ஒரு பக்கத்தால் வீணீர். பிறகு வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தவன் எழும்பவில்லை, கிடந்த இடத்திலேயே சலம் போய்விட்டது.

வன்னியில் நாய் இப்படி விழுந்தால் முதல் நினைப்பு விரியன் பாம்பு. இரண்டாவது நினைப்பு விசர், அதாவது வெறிநாய் நோய். பக்கத்து வளவு அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே, “விசர் மாதிரிக் கிடக்கு, கிட்டப் போகாதேங்கோ” என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. வீணீர் வடிய, கால் இழுபட நிற்கிற நாயைக் கண்டால் எட்டத்தான் நிற்க வேண்டும், வாய்க்குள் கை வைக்கவே கூடாது. ரொமிக்கு வருடா வருடம் இலவசமாகப் போடுகிற விசர்நாய் ஊசி தவறாமல் போட்டு அட்டையும் கையில் இருந்தபடியால்தான் நாங்கள் துணிந்து தூக்கினோம். அப்படி இருந்தும் அம்மா இரண்டு கைக்கும் சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

மிருக வைத்தியர் மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்கு ஊர் ஊராக ஓடுகிற மனிசன், ஆனாலும் அன்று மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். அவர் செய்தது பெரிய சோதனை ஒன்றும் இல்லை. ரொமியின் இடது பாதத்தைப் பிடித்து நகப்பக்கமாக மடித்து நிலத்தில் வைத்தார், உடனே நேராக்கிக்கொண்டான். வலது பாதத்தை அப்படியே வைத்தார், மடிந்தபடியே கிடந்தது. இடது கண்ணுக்கு நேரே கையை வீசினால் இமை மூடுகிறது, வலது கண்ணுக்கு நேரே வீசினால் ஒன்றும் இல்லை. “விரியன் கடிச்சிருந்தால் ரெண்டு பக்கமும் ஒண்டாய்ச் சோர்ந்திருக்கும் தம்பி, கண் இமை தொங்கும், மூச்சு முட்டும். இவனுக்கு ஒரு பக்கம்தான்” என்றார். மேல்மூளையின் இடப்பக்கம் பழுதானால் உடம்பின் வலப்பக்கம் சோரும், நாய் பழுதான பக்கமாகவே சுற்றும். உண்ணிக் காய்ச்சலும் சில நேரம் மூளையைப் பிடிக்கும் என்று இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். காய்ச்சல் இல்லை, சிறுநீரகம்தான் கொஞ்சம் பழுது என்று வந்தது. சிறுநீரகம் பழுதானால் இரத்த அழுத்தம் ஏறும், அது ஏறினால் மூளைக்கு ஆபத்து, கிழட்டு நாய்களுக்கு இந்த வழியாலும் வருகிறதாம்.

கனடாவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் வந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தால்தான் அடைப்பா கசிவா என்று நிச்சயமாகச் சொல்லலாம் என்றாள். உண்மைதான். ஆனால் மனிதருக்கே ஸ்கானுக்கு முறை காத்திருக்கிற இடத்தில் நாயை எங்கே கொண்டுபோவது? டொக்டரிடம் கேட்டேன். எடுத்தாலும் அதற்குப் பிறகு செய்யப் போவது இதே பராமரிப்புத்தான், மனிதருக்கு அவசரமாக ஏற்றுகிற கட்டி கரைக்கிற மருந்து நாய்களுக்கு வழக்கத்தில் இல்லை என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்: பாரிசவாதம் என்றால் வந்த ஓரிரண்டு நாட்களில்தான் ஆக மோசமான நிலை, அதற்குப் பிறகு மோசமாகாது, மெல்ல மெல்லக் குறையும். நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனால் அது வேறு வருத்தம், அப்போது யோசிக்கலாம். நாங்கள் அந்த முதல் நாட்களில்தானே முடிவு எடுக்கப் பார்க்கிறோம்? பார்க்க வந்த எல்லாரும் “ஏன் மினைக்கெடுறாய், பேசாமல் ஊசியைப் போட்டுவிடு, அதுக்கும் நிம்மதி” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் நாயின் நிம்மதியை விட எங்களுடைய நிம்மதியைத்தான் அதிகம் நினைத்துச் சொன்னதாக எனக்குப் பட்டது. வேதனையில் கிடந்து அழுந்துகிற மிருகத்துக்கு ஊசி போடுவது வேறு கதை, அதை நான் எதிர்க்கவில்லை. இவன் கிடந்தபடியே அம்மாவின் குரலுக்கு வால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

சரி, பராமரிப்பு என்றால் என்ன. முதலில் படுக்கை. வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மேலே சாக்கு, அதற்கு மேலே அம்மாவின் பழைய பருத்திச் சீலை. எழும்ப முடியாத நாயை ஒரே பக்கமாகக் கிடக்க விட்டால் இடுப்பெலும்பும் தோள்மூட்டும் நிலத்தில் அழுந்தித் தோல் உரிந்துவிடும், கீழ்ப்பக்கச் சுவாசப்பையிலும் சளி கட்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். பகல் அம்மா, இரவு நான். மூளையில் அடி விழுந்த நாய்கள் இரவில் காரணம் இல்லாமல் முனகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. விடிய வயலுக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு இருந்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நாய்ப்பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

அடுத்தது ஈரம். சலம் போனால் உடனே துடைத்து, இளஞ்சூட்டுத் தண்ணியால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். தோல் வெந்து புண்ணானால் இலையான் வந்து மொய்க்கும், சோளகத்து வெக்கைக்கு அடுத்த நாளே புழு வைத்துவிடும். பாரிசவாதத்தால் சாகாத நாய் புழுவால் சாகும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் வாலடி, தொடை இடுக்கு, காதுக்குள் எல்லாம் பார்த்தோம். பழைய நுளம்பு வலை ஒன்றையும் மேலே கட்டிவிட்டோம்.

தண்ணியும் சாப்பாடும் படுத்த வாக்கில் கொடுக்கவே கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும். நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் உரப்பையில் மண் நிரப்பி முண்டு கொடுத்து, தலை நேராக இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். குளத்து ஜப்பான் மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெல்லாம் எடுத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து வைப்பார் அம்மா.

அந்தத் தட்டில்தான் ஒரு விசித்திரம் கண்டோம். பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் நக்கிவிட்டு, இன்னும் தா என்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். தட்டைப் பார்த்தால் வலப்பக்கத்துச் சோறு கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி அப்படியே இருக்கும். மீன் பிடிக்கவில்லையாக்கும் என்று அம்மா கருவாடு சுட்டுப் போட்டுப் பார்த்தார், அதிலும் இடப்பக்கத்துத் துண்டுதான் போனது. டொக்டரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, அவனுடைய மூளைக்கு வலப்பக்கம் என்று ஒன்று இப்போது இல்லை, தட்டைத் திருப்பி வையுங்கோ என்றார். திருப்பி வைத்தோம். புதுச்சோறு வந்த சந்தோசத்தில் மிச்சத்தையும் முடித்தான். அதற்குப் பிறகு தட்டைத் திருப்புவது அம்மாவின் வேலையாகிப் போனது, “இந்தா, ரெண்டாம் பந்தி” என்று சொல்லித்தான் திருப்புவார்.

நடக்க வைப்பதற்கு என்னுடைய பழைய சாரம். வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பாரம் என் கையில், கால் மட்டும் மண்ணில். சீமெந்துத் தரையில் வழுக்கி விழுந்து பயந்துவிடுவான், முற்றத்து மண்தான் நல்லது. படுக்கையில் இருக்கும்போது வலது கால்களை மெதுவாக மடக்கி நீட்டி, விரல் இடுக்கெல்லாம் பிடித்துவிட வேண்டும். எங்கள் ஒழுங்கைத் தொங்கலில் ஒரு ஐயாவும் பாரிசவாதத்தில் இருக்கிறார், அவர் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை, ரொமி அதற்குள் தன்பாட்டில் நடக்கத் தொடங்கிவிட்டான். ஐயாவுக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான். நாயின் நடையை அதிகமாக நடத்துவது மூளையின் அடிப்பாகமும் முள்ளந்தண்டும், மேல்மூளை அடிபட்டாலும் கால் கெதியாகத் திரும்பிவிடும், மனிதனுக்கு அப்படி இல்லை.

மருந்துப் பெட்டியில் கை வைக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனடோல் கொடுக்க வேண்டாம், நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோஃபன் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் அழிக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கிற அஸ்பிரினையும் தொடவேண்டாம், மூளையில் நடந்தது கசிவாக இருந்தால் இன்னும் கசியும். இந்த வருத்தத்துக்குப் பிறகு வலிப்பும் வரலாம். வந்தால் வாய்க்குள் ஒன்றும் வைக்காமல், பக்கத்தில் இருக்கிற சாமான்களை விலக்கிவிட்டு, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் டொக்டரைக் கட்டாயம் பிடிக்க வேண்டும்.

இப்போது படலைவரை போய் வருகிறான். வலது கால் கொஞ்சம் இழுபடும், வளைவுகளில் இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவான், வலப்பக்கம் போக வேண்டுமென்றால் முழுவட்டம் அடித்து அந்தத் திசைக்கு வந்து சேருவான். குரங்குகள் இதைக் கண்டுபிடித்துவிட்டன என்று நினைக்கிறேன், அவன் வலப்பக்கத்து வேலியால்தான் இப்போது இறங்குகின்றன. மூக்குத்தான் அவனைக் காப்பாற்றுகிறது, மணம் பிடித்த பிறகு சுற்றி வந்து குரைப்பதற்குள் பாதிப் பப்பாசி போய்விடும்.

மாரி தொடங்கினால் முற்றம் சேறாகிவிடும், திண்ணையில் ஏற இவனால் முடியாது. அதனால் பழைய கதவுப் பலகை ஒன்றைச் சாய்வாகப் போட்டு, வழுக்காமல் இருக்க உரப்பையை மேலே ஆணியடித்து வைத்திருக்கிறேன். ஏறுகிறான். இறங்குவதற்குத்தான் அம்மா வந்து கூப்பிட வேண்டும் என்று நிற்கிறான்.