மேலே தள்ளினால் மட்டும் மாறும் வரி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கான ஆர்டர் செயலி. அடுப்படியில் "தயார்" என்று தட்டினால், கல்லாவில் இருக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த ஒரு வரி மட்டும் பச்சையாக வேண்டும். சர்வர் இணைப்பெல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

முதலில் நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்ட், அதாவது "தரவு மாறிவிட்டது" என்று திரைப்பட்டியலுக்குச் சொல்லும் ஆண்ட்ராய்டு கட்டளை. எது மாறியதென்று அதற்குத் தெரியாது. ஓர் ஆர்டருக்காகத் திரையிலுள்ள எல்லா வரிகளையும் புதுப்பிக்கும், படங்கள் மினுக்கும். அதை விட்டு, பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு மாறிய வரியை மட்டும் புதுப்பிக்கும் லிஸ்ட்அடாப்டருக்கு வந்தோம். இங்கேதான் இரண்டு நாள் வீணானது.

லாக்கில் (செயலியின் பதிவேட்டில்) ஆர்டரின் நிலை மாறுகிறது, திரை அசையவில்லை. எர்ரரும் கிடையாது. இருக்கும் பட்டியலையே திருத்தி, லிஸ்ட்அடாப்டர் பட்டியலை வாங்கும் சப்மிட்லிஸ்ட்டிடம் கொடுத்தால், "இது என்னிடம் உள்ள அதே பட்டியல்" என்று எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். சரி, நகலெடுத்துக் கொடுத்தோம். அப்போதும் மாறவில்லை! ஆனால் வரியை மேலே தள்ளி, திரையை விட்டு வெகுதூரம் போய்த் திரும்பினால் பச்சையாக நிற்கிறது. இந்த அறிகுறியை மறக்காதீர்கள். நகலானது பட்டியல் மட்டும்தான். உள்ளே இருந்தவை பழைய ஆர்டர்களே. உள்ளடக்கம் மாறியதா என்று பார்க்கும் ஆர்கன்டென்ட்ஸ்தசேம் ஓர் ஆர்டரை அதனோடேயே ஒப்பிட்டு, வித்தியாசமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆர்டரின் விவரங்களை வைக்கும் டேட்டா கிளாஸில் ஒரு 'வார்' (பிறகு மாற்றக்கூடிய மதிப்பு) கூட வைக்காதீர்கள். எல்லாம் 'வால்' (மாற்ற முடியாதது), மாற்றம் வேண்டுமென்றால் காப்பி போட்டுப் புது ஆர்டர். எங்கே தவறாகத் திருத்துகிறீர்கள் என்று நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு நான்கு இடங்களில் காட்டியது.

இரண்டும் ஒரே ஆர்டர்தானா என்று பார்க்கும் ஆர்ஐட்டம்ஸ்தசேமில் ஆர்டர் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். முழு ஆர்டரையும் ஒப்பிட்டால், நிலை மாறியதும் பழைய வரி நீங்கிப் புது வரி நுழைந்ததாகவே கணக்காகும்.

மிச்சமிருந்த மினுக்கல், வரியில் எது மாறியது என்ற குறிப்பை (பேலோடு) தரும் கெட்சேஞ்ச்பேலோடில் "நிலை மட்டும்" என்ற குறிப்பைத் திருப்பியனுப்பியதும் நின்றது. பேலோடு காலியாக வந்தால் முழு வரியையும் நிரப்ப மறக்கக் கூடாது. ஏனென்றால் திரைக்கு வெளியே இருந்த வரிகளுக்கு அந்தக் குறிப்பு வந்து சேராது.

மதிய நெரிசலில் இன்னொன்று பிடிபட்டது. தரவு மாறியதும் திரைக்குத் தெரிவிக்கும் லைவ்டேட்டாவின் போஸ்ட்வேல்யூவில் ஒவ்வோர் ஆர்டராக அனுப்பினோம். திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட் எடுப்பதற்குள் மூன்று வந்தால் கடைசி ஒன்றுதான் போய்ச் சேரும், முதல் இரண்டும் காணாமல் போகும். இப்போது ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியல் போகிறது. ஓர் ஆர்டரும் விடுபடுவதில்லை.