மல்லிகை அணி: மழை நாட்குறிப்பு

நவம்பர் 20, புதன்

கோர்ட் ஆஃப் ஆனர், அதாவது எங்கள் சாரணியர் அணித் தலைவிகள் கூட்டம், முடிய ஐந்தரை ஆகிவிட்டது. பொங்கல் விடுமுறையில் பிச்சாவரம் பக்கம் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவு. எங்கள் பொறுப்பாசிரியை கேப்டன் மிஸ் கடைசி வரை வாய் திறக்கவில்லை. பஸ், சாப்பாடு, கழிப்பறை, யார் யாருக்கு நீச்சல் தெரியும், முதலுதவிப் பெட்டி யார் பொறுப்பு, எல்லாமே அணித் தலைவிகள் நாங்கள்தான் பேசினோம். தாமரை அணிக்குப் படகில் போய் சுரபுன்னை வேர்களைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். ரோஜா அணிக்கு விறகு அடுப்பில் சமைத்தே ஆக வேண்டும். இரண்டும் உண்டு என்று எழுதிக்கொண்டோம்.

எங்கள் அணியின் சின்னவள் வாசலிலேயே காத்திருந்தாள். "அக்கா, நானும் உண்டா?" உண்டு. ஆனால் அதற்குள் பவ்லைன் முடிச்சு கையில் வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 22, வெள்ளி

அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள். "பகல்ல எங்க வேணும்னாலும் போய்ட்டு வா. ராத்திரி தங்கறதெல்லாம் வேணாம்." பின் தெருப் பையன் சாரணர் முகாமுக்கு மூன்று நாள் போனபோது அவனுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பியதும் இதே அம்மாதான். அதையும் சொல்லிக் கேட்டேன். பதில் இல்லை.

கோபம் அம்மா மேல் மட்டும் இல்லை. நான்கு அணி வீட்டிலும் இன்றைக்கு இதே பேச்சுதான் நடந்திருக்கும். நாங்கள் ராத்திரிக் காவலுக்குப் பட்டியல் போட்டிருக்கிறோம், இரண்டு இரண்டு பேராக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி. விசில் யார் கழுத்தில், டார்ச் யார் கையில் என்பது வரை அதில் இருக்கிறது. அதை ஒரு தடவை படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். படிக்காமலே சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்து கடலோரமாகத் தாழங்குடா வரை நடை. செயின்ட் டேவிட் கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில் கூடி, கொடி கட்டி, பிரார்த்தனை முடித்துக் கிளம்பினோம். வெள்ளி கடற்கரைக்குக் குளிக்க வருகிறவர்கள் அலை பெரிதாக உடையும் இடத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அலை உடையாமல், தண்ணீர் கலங்கலாகத் தெரியும் சந்துதான் உண்மையில் உள்ளே இழுக்கும். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தி ஓயக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதை ரோஜா அணித் தலைவி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். மிஸ் எங்களோடு மணலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பெண்ணையாறு கடலில் சேரும் இடத்தில் சின்னவளுக்குப் பவ்லைன் வந்துவிட்டது! இடுப்பைச் சுற்றி, ஒரே கையால். எவ்வளவு இழுத்தாலும் அந்த வளையம் இறுகாது, அதனால்தான் ஆளைத் தூக்க அந்த முடிச்சு. அவள் வீடு இந்த ஆற்றங்கரையில்தான். 2021 வெள்ளத்தில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் வந்ததாம், இரண்டு ஆடு போனதாம். ஏதோ பள்ளிப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

நவம்பர் 27

மழை, விடுமுறை. கயிறுகளைக் காயப்போட இடமில்லை.

நவம்பர் 30, சனி

புயலுக்கு ஃபெஞ்சல் என்று பெயர். சவுதி அரேபியா கொடுத்த பெயராம். புதுச்சேரி பக்கம் கரை கடக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது எனக்கு இரண்டு வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அம்மாவுக்கு எல்லாம் இருக்கிறது. பண்ருட்டிப் பெரியப்பாவின் பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் போன கதையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறுபடி சொன்னாள். கரண்ட் இல்லை.

டிசம்பர் 1

புயல் கரைக்கு வந்த பிறகும் நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் பக்கமும் அப்படித்தான் என்கிறார்கள். சாயங்காலம் சின்னவள் போன் எடுத்தாள். "இங்க மழைதான்க்கா, வேற ஒண்ணும் இல்ல."

டிசம்பர் 2, திங்கள்

பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர். விடியற்காலையில் திறந்திருக்கிறார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். பெருக்கிப் பார்த்தேன், வினாடிக்கு 47 லட்சம் லிட்டர். பெருக்கியிருக்க வேண்டாம். அத்தனையும் திருக்கோவிலூர் தாண்டி இங்கேதான் வந்தாக வேண்டும், வழியில் பெய்ததும் சேர்ந்து.

சின்னவள் வீட்டு போன் ஸ்விட்ச் ஆஃப். அப்பா பாலத்துப் பக்கம் போய்ப் பார்த்தார், போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு எந்தப் பக்கம் முடிகிறது என்றே தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவளுக்கு என்னென்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பவ்லைன் தெரியும். மூன்று நீள விசில் என்றால் ஆபத்து என்று தெரியும். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலும் இறங்கக் கூடாது என்று தெரியும். அவளுக்குப் பதினொரு வயது. நீச்சல் தெரியாது.

டிசம்பர் 3

இன்னும் ஸ்விட்ச் ஆஃப்.

டிசம்பர் 4, புதன்

வெள்ளத் தண்ணீரில் ஒருத்தியும் இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். மிஸ் போட்ட நிபந்தனை இது இரண்டும்தான். கரையோர ஊர்க்காரர்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்துக்குச் சீருடையில் போனோம். உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தேன். சின்னவள் இல்லை.

அதன் பிறகு வேலை. குடிநீர் டிரம்முக்கு மூடி, மொண்டு ஊற்றக் கைப்பிடி வைத்த குவளை. பேதி ஆனவர்களுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்துப் போனது. எதிர்பார்க்காதது, ஒரு அக்கா தாமரை அணித் தலைவியைத் தனியே கூப்பிட்டுக் காதில் கேட்டது. அரிசி வந்திருக்கிறது, பால் பவுடர், பிஸ்கட், போர்வை எல்லாம் வந்திருக்கிறது, நாப்கின் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. இரண்டு நாளாகக் கிழித்த புடவைத் துணி. ஈரச் சேலையை மாற்றக்கூட மறைவிடம் இல்லை. கொடுக்க வந்த ஆண்களிடம் போய் இதை எப்படிக் கேட்பார்கள்?

கைக்காசைச் சேர்த்து இரண்டு பேர் மெடிக்கலுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் தூணுக்குத் தூண் கயிறு இழுத்து, க்ளவ் ஹிட்ச் போட்டு, போர்வைகளைத் தொங்கவிட்டோம். மூலையில் ஒரு அறை ஆகிவிட்டது. முதலில் ஒரு பாட்டிதான் உள்ளே போனார். வெளியே வந்து என் ஸ்கார்ஃபைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்றார். பள்ளிக்கூடத்தில் இருந்து பாட்டி என்றேன்.

கேம்ப்புக்காகப் பழகிய முடிச்சு அது.

டிசம்பர் 5

கிடைத்துவிட்டாள்! நெல்லிக்குப்பத்தில் பெரியம்மா வீடு. திங்கட்கிழமை இருட்டோடு அவள் அப்பா எல்லோரையும் கிளப்பிவிட்டார், போன் நனைந்து போயிருக்கிறது. பெரியம்மா போனில் இருந்து பேசினாள். முதல் கேள்வி: "கேம்ப் கேன்சலாக்கா?"

டிசம்பர் 8, ஞாயிறு

அவள் வீட்டில் சேறு வாரினோம். கணுக்காலுக்கு மேல் சேறு. புத்தகங்கள் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. சீருடை கிடைத்தது, துவைத்தாலும் இனி உதவாது. அம்மாவும் துடைப்பத்தோடு வந்தாள், நான் கூப்பிடாமலே. சின்னவளின் அம்மாவும் என் அம்மாவும் திண்ணையைக் கழுவியபடி வெகுநேரம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 9

அம்மா ராத்திரிக் காவல் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கோர்ட் ஆஃப் ஆனர். சண்டை என்றே சொல்லலாம். கேம்ப்புக்குச் சேர்த்த பணத்தை நோட்டுக்கும் சீருடைக்கும் கொடுத்துவிடலாம், இந்த நேரத்தில் பிச்சாவரம் எதற்கு என்று ரோஜா அணி. பணத்தைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கேம்ப்பை ஏதோ உல்லாசப் பயணம் போலப் பேசியதுதான் பொறுக்கவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் கயிறு கட்டிய கைகள் எங்கே பழகின? காட்டையும் கடற்கரையையும் எடுத்துவிட்டால் சேவைக்கு வெறும் சீருடையோடு போய் நிற்போம். குரல் உயர்ந்துவிட்டது. மிஸ் ஒன்றே ஒன்று கேட்டார்: "வெள்ளத்துல வீடு போன பிள்ளைங்க கிட்ட யாராவது கேட்டீங்களா?"

வெளியே இருந்து அவர்களைக் கூப்பிட்டோம். வழக்கமாக அணித் தலைவிகள் மட்டும் உட்காரும் இடம். சின்னவள் நின்றபடியே, "நோட்டு வேணும். கேம்ப்பும் வேணும்" என்றாள்.

பணம் நோட்டுக்கும் சீருடைக்கும். கேம்ப் பிப்ரவரி 22-க்குத் தள்ளிப்போகிறது, சாரணியரின் உலக சிந்தனை நாள், சனிக்கிழமை. அதற்குள் மறுபடி சேர்க்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

மறுபடி மழை. சாத்தனூரில் மறுபடி தண்ணீர் திறப்பார்கள் என்கிறார்கள். இந்த முறை போன் சங்கிலி போட்டுவிட்டோம். நான் இரண்டு பேருக்கு, அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு. ஒவ்வொரு வீட்டிலும் சொந்தக்காரர் நம்பர் ஒன்று கூடுதலாக வாங்கியாயிற்று. சின்னவள் வீட்டார் சாயங்காலமே நெல்லிக்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றங்கரையில் இன்னும் இரண்டு வீடு பாக்கி. ரோஜா அணித் தலைவி போனை எடுக்கவில்லை, அவள் சித்தப்பா நம்பருக்கு அடிக்கிறேன்.